மேஜையில் வயர் ஓட்டை போடும்போது மைக்கா பிய்யாமல் இருக்க என்ன வழி?

ஆவடிவாசி
வணக்கம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக 4 அடிக்கு 2 அடியில் ஒரு மேஜை வாங்கியிருக்கிறேன். 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு, மேலும் கீழும் வெள்ளை லேமினேஷன் (மைக்கா) ஒட்டியே வந்தது. மானிட்டர், லேப்டாப் சார்ஜர், மேஜை விளக்கு என்று நான்கைந்து வயர்கள் பின்பக்கமாகத் தொங்குகின்றன. அதனால் சுவரோடு மேஜையைச் சேர்த்துப் போட முடியவில்லை, இரண்டு வயது மகள் வேறு கீழே உட்கார்ந்து பிடித்து இழுக்கிறாள். ஓர் ஓட்டை போட்டு எல்லாவற்றையும் அதன் வழியே இறக்கிவிடலாம் என்று எண்ணம்.

தயக்கத்துக்குக் காரணம், போன வருடம் டிவி யூனிட்டில் இதே வேலைக்கு ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் சுவர் துளைக்கும் பிட்டால் வட்டமாகப் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டு நடுப்பகுதியை உளியால் தட்டி எடுத்தார். விளிம்பைச் சுற்றி விரல் அகலத்துக்கு மைக்கா பெயர்ந்துவிட்டது. மூடி போட்டும் மறையவில்லை. மனைவி நிறம் பார்த்துப் பார்த்து வாங்கிய யூனிட் அது, இன்றும் கண்ணில் படும்போதெல்லாம் கஷ்டமாக இருக்கிறது. இந்த முறை நானே பொறுமையாகச் செய்யப் போகிறேன். வீட்டில் 13 மி.மீ. இம்பேக்ட் டிரில் இருக்கிறது. என்ன பிட்டு வாங்க வேண்டும், என்ன அளவு போட வேண்டும்?

மரத்தூள்
அளவிலிருந்து தொடங்குங்கள். வயரை அளக்காதீர்கள், பிளக்கை அளந்து சொல்லுங்கள். அந்த ஓட்டை வழியாகப் போக வேண்டியதில் எது பெரியதோ அதுதான் கணக்கு.

ஆவடிவாசி
அளந்தேன். மானிட்டரின் மூன்று பின் பிளக் அகலமான இடத்தில் 46 மி.மீ. எச்.டி.எம்.ஐ. முனை 20 மி.மீ. லேப்டாப் அடாப்டர் பெட்டி பெரியது, ஆனால் அது மேஜைக்குக் கீழேயே இருந்துவிடும், மெல்லிய முனை மட்டும் மேலே வந்தால் போதும்.

மரத்தூள்
அப்படியானால் 60 தான். 50 பார்க்கப் போதும் போலத் தோன்றும், ஆனால் ஓட்டையில் மாட்ட வாங்கப் போகும் பிளாஸ்டிக் வளையத்துக்கும் ஒரு கனம் உண்டு, பிளக் அந்த வளையத்துக்கு உள்ளே நுழைய வேண்டும். ஹார்ட்வேர் கடையில் ‘வயர் மேனேஜர்’ என்று கேளுங்கள், அதுதான் அங்கே புழங்கும் பெயர். அதை முதலில் வாங்கி, மரத்துக்குள் இறங்கும் கழுத்துப் பகுதியின் வெளி விட்டத்தை அளந்துவிட்டு அப்புறம் ஹோல் சா, அதாவது விளிம்பில் பல் வைத்து வட்டமாக அறுக்கும் பிட்டு, வாங்குங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, ஓட்டை 2 மி.மீ. சின்னதாகப் போய் அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். பார்ட்டிகிள் போர்டில் அரம் போட்டால் விளிம்பு உதிரும்.

பட்டறைக்காரன்
தம்பி, நான் இருபது வருடமாக மாடுலர் கிச்சன் வேலை பார்க்கிறேன். உங்களுக்குப் போன வருடம் நடந்ததைப் படித்ததும் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் இது கைத்திறமை கேட்கும் வேலையே இல்லை, ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும்.

மைக்கா ஏன் பிய்கிறது? பல் மரத்துக்குள் இறங்கும்போது அதன் கீழே மரம் தாங்கிக்கொண்டிருக்கிறது, அதனால் மேல்பக்கம் பெரிதாகச் சேதம் வராது. மறுபக்கம் வெளியே வரும்போதுதான் தாங்க ஒன்றும் இல்லை. கடைசி ஒரு மில்லிமீட்டரைப் பல் அறுப்பதில்லை, தள்ளி உடைக்கிறது. நீங்கள் எந்தப் பிட்டு வாங்கினாலும், எவ்வளவு விலை கொடுத்தாலும், பின்னால் தாங்கல் இல்லாவிட்டால் உடையும். இதற்கு இரண்டு வழிதான். ஒன்று, மறுபக்கம் ஒரு கட்டையை இறுக்கிப் பிடித்து வைப்பது. இரண்டு, மறுபக்கம் வெளியே வரவே விடாமல் இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதி அறுப்பது.

60-க்குப் பை-மெட்டல் ஹோல் சா ஒன்று தனியாக வாங்குங்கள். பத்துப் பன்னிரண்டு அளவுகள் ஒரே பெட்டியில் மலிவாக வரும், அதன் பல் சீக்கிரம் மழுங்கும், ஆழமும் குறைவு. மழுங்கிய பல் அறுக்காது, சூடேறி மரத்தைக் கருக்கும்.

இனி வேலை. மேஜையின் அடியில் குனிந்து பாருங்கள், நீங்கள் குறித்த இடத்துக்குக் கீழே இரும்புச் சட்டமோ டிராயர் சேனலோ வருகிறதா என்று. பிரித்துப் பூட்டும் மேஜை என்றால் மூட்டுகளுக்குப் பக்கத்தில் பலகைக்குள்ளேயே மினிஃபிக்ஸ் என்ற உலோகப் பூட்டு இருக்கும், அதில் ஹோல் சா பட்டால் பல் போய்விடும். பின் விளிம்பிலிருந்து ஓட்டையின் ஓரத்துக்கு 5 செ.மீ. விட்டு மையம் குறியுங்கள், ரொம்ப ஓரமாகப் போனால் அந்தத் துண்டு பலகை பலமில்லாமல் நிற்கும்.

டிரில்லில் சுத்தியல் படம் இருக்கும் பக்கம் சுவிட்ச் இருக்கக் கூடாது, வெறும் டிரில் படத்துக்கு மாற்றுங்கள். இதை மறப்பவர்கள் நிறைய. மையத்தில் 6 மி.மீ. மரப் பிட்டால் ஓர் ஓட்டை, நேராக அடிவரை. நேராக இருக்கிறதா என்று பார்க்க மூலைமட்டத்தைப் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். இந்தச் சின்ன ஓட்டை சாய்ந்தால் மேலிருந்தும் கீழிருந்தும் போடும் வட்டம் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்காராது, நடுவில் படி விழும்.

அடுத்து ஹோல் சாவை மாட்டி, டிரில்லை ரிவர்ஸில் போட்டு, மெதுவாக மேல்பரப்பில் வையுங்கள். ஆமாம், ரிவர்ஸில். பல் கொத்தாது, லேமினேஷனைச் சுரண்டி ஒரு சுத்தமான வட்டக் கோடு போடும். அந்தக் கோடு வெள்ளை அடுக்கைத் தாண்டி மரத் துகள் தெரியும் வரை போகட்டும். அதற்குப் பிறகு நேர் சுற்றில், முழு வேகத்தில் பாதிக்கும் கீழே வைத்து, அழுத்தாமல் டிரில்லின் எடையிலேயே அறுக்க விடுங்கள். இரண்டு மூன்று முறை வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட்டு மறுபடி இறக்குங்கள். பாதி ஆழம் வந்ததும் நிறுத்திவிட்டு, கீழிருந்து அதே 6 மி.மீ. ஓட்டையில் நுனியை வைத்து, அங்கும் முதலில் ரிவர்ஸ், அப்புறம் நேர். நடுவில் சந்திக்கும்போது வட்டத் துண்டு தானாகக் கழன்று வரும்.

பக்கவாட்டுக் கைப்பிடியைக் கட்டாயம் மாட்டுங்கள். 60 மி.மீ. ஹோல் சா மரத்தில் சிக்கினால் டிரில் மொத்தமாகத் திரும்பும், மணிக்கட்டு போய்விடும். கையுறை போடாதீர்கள், சுற்றும் பிட்டில் துணி மாட்டினால் கையோடு இழுக்கும். கண்ணாடியும் முகமூடியும் போடுங்கள்.

ஆவடிவாசி
அண்ணா, இவ்வளவு விரிவாக யாரும் சொன்னதில்லை, ரொம்ப நன்றி. கீழிருந்து போடுவதற்கு மேஜையைக் கவிழ்க்க வேண்டுமா? தனியாகத் தூக்க முடியாது.

பட்டறைக்காரன்
கவிழ்க்க முடிந்தால் நல்லது, தூளும் கண்ணில் விழாது. முடியாவிட்டால் முதல் வழிக்குப் போங்கள். ஒரு துண்டு பிளைவுட்டை அடியில் ஒட்ட வைத்து, தரையிலிருந்து ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து இறுக்குங்கள். கிளாம்ப் எட்டும் இடம் என்றால் கிளாம்ப். பலகைக்கும் அந்தத் துண்டுக்கும் நடுவே தாள் நுழையும் இடைவெளி கூட இருக்கக் கூடாது. அப்புறம் மேலிருந்து முழுக்க அறுத்து, பிளைவுட்டிலும் கொஞ்சம் இறங்கட்டும்.

கரூர்ப் பையன்
இவ்வளவெல்லாம் தேவையா? மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டிவிட்டு ஓட்டை போட்டால் போதும் என்றுதான் நான் பார்த்த எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். நானும் ஒரு ஷூ ரேக்கில் அப்படித்தான் போட்டேன், நன்றாகவே வந்தது.

மரத்தூள்
டேப் கெடுதல் இல்லை, குறி போடவும் வசதி, டிரில்லின் அடிப்பாகம் உரசிக் கோடு விழாமலும் காக்கும். ஆனால் உடையாமல் காப்பது அது இல்லை. இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்ததால் ஒருநாள் மீந்த லேமினேட் பலகையில் நான்கு ஓட்டை போட்டுப் பார்த்தேன். வெறுமனே போட்டதில் அடிப்பக்கம் சுற்றிலும் பிய்ந்தது. டேப் ஒட்டியதில் பிய்ந்தது கொஞ்சம் குறைந்தது, ஆனால் டேப்பை உரிக்கும்போது உடைந்து தொங்கிக்கொண்டிருந்த சில்லுகளும் கூடவே வந்தன. கட்டை வைத்துப் போட்டதும் இரண்டு பக்கமிருந்து போட்டதும் கத்தியால் வெட்டியது போல இருந்தன. உங்கள் ஷூ ரேக் எந்தப் பலகை?

கரூர்ப் பையன்
எம்.டி.எஃப். என்று நினைக்கிறேன், பெயின்ட் அடித்தது. ஓட்டையும் 20 மி.மீ.தான்.

மரத்தூள்
அதுதான் காரணம். எம்.டி.எஃப். உள்ளே ஒரே சீரான நார், பெயின்ட்டும் அதோடு ஒட்டிப் போயிருக்கும், அதனால் விளிம்பு பெரும்பாலும் நன்றாகவே வரும். பார்ட்டிகிள் போர்டு அப்படி இல்லை, உள்ளே பெரிய சில்லுகள், மேலே கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய அடுக்கு. பிளைவுட்டில் வேறு விதம், வெளி அடுக்கின் ரேகை ஓடும் திசைக்குக் குறுக்கே பல் போகும் இரண்டு இடங்களில் மட்டும் நார் நாராக எழும்பும். அங்கே கத்தியால் வட்டத்தை ஒருமுறை அழுத்திக் கீறிவிட்டுத் தொடங்கினால் நிறைய உதவும்.

பழைய வயர்மேன்
மின்சாரப் பக்கம் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரிய ஓட்டைக்குப் பயந்து சிலர் பிளக்கை வெட்டிவிட்டு வயரைச் சின்ன ஓட்டையில் நுழைத்து, மறுபக்கம் புதுப் பிளக் மாட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கம்பெனி வார்த்துக் கொடுத்த பிளக்கில் எர்த் சரியாக இருக்கும், வெட்டி மாட்டியதில் பச்சை மஞ்சள் வயரைச் சேர்க்காமல் விட்ட எத்தனையோ பிளக்கைத் திறந்து பார்த்திருக்கிறேன். வாரண்டியும் போகும்.

அப்புறம் ஓட்டை போட்ட பிறகு வளையம் மாட்டாமல் அப்படியே வயரை விட்டுவிடாதீர்கள். மைக்காவின் அறுத்த விளிம்பு கூர்மையானது. குழந்தை இழுக்கிறாள் என்று சொன்னீர்கள், இழுக்க இழுக்க வயரின் மேலுறை அந்த இடத்தில் தேயும். வளையம் அழகுக்கு மட்டும் இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் மேஜைக்கு அடியில் ஸ்க்ரூ வைத்து மாட்டிவிட்டால் ஓட்டை வழியே வரும் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும், சுவருக்கு ஒரே ஒரு வயர்தான் போகும். 18 மி.மீ. பலகைக்கு 12 மி.மீ.க்கு மேல் உள்ளே இறங்கும் ஸ்க்ரூ போடாதீர்கள்.

சேலத்துக்காரி
இதே இழையில் கேட்கலாமா? எங்கள் மேஜையில் ஏற்கெனவே 25 மி.மீ. ஓட்டை ஒன்று இருக்கிறது. அதை 50 ஆக்க வேண்டும். ஹோல் சாவின் நடுப் பிட்டுக்குப் பிடிப்பு இல்லாமல் மேலே வழுக்கி ஓடி, ஒரு கோடு கிழித்துவிட்டது. அத்துடன் நிறுத்திவிட்டேன்.

பட்டறைக்காரன்
நிறுத்தியதே நல்ல காரியம் அம்மா. நடுப் பிட்டு இல்லாமலும் ஹோல் சா வேலை செய்யும், வெளியே ஒரு வழிகாட்டி இருந்தால். ஒரு பிளைவுட் துண்டில், 12 மி.மீ. கனமாவது இருக்கட்டும், அதே ஹோல் சாவால் ஓர் ஓட்டை போடுங்கள். அந்தத் துண்டை மேஜைமேல் சரியான இடத்தில் வைத்து இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இப்போது அந்த ஓட்டையே ஹோல் சாவைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், வழுக்க இடமில்லை. பழைய ஓட்டை சரியாக நடுவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்தக் கீறல் புது வட்டத்துக்கு உள்ளேயோ வளையத்தின் விளிம்புக்கு அடியிலோ வருவது போலத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

சேலத்துக்காரி
விளிம்புக்கு அடியில் வந்துவிடும், 3 மி.மீ. தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன். நன்றி அண்ணா.

மரத்தூள்
இன்னொரு வழியும் உண்டு. எச்.டி.எம்.ஐ. போன்ற சின்ன முனைகள் மட்டும் போக வேண்டும் என்றால், அலமாரிக் கதவுக்கு ஆட்டோ ஹிஞ்ச் என்ற கீல் வைக்கக் குழி போடும் 35 மி.மீ. பிட்டு எல்லா ஆசாரியிடமும் இருக்கும். அதில் வெளிவிளிம்பு முதலில் வெட்டும், ஹோல் சாவை விடச் சுத்தமாக வரும். 35-க்கு வயர் மேனேஜரும் கிடைக்கிறது. அதிலும் நடு முனை அடியில் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டு மறுபக்கம் திரும்ப வேண்டும், அந்த விதி மாறாது.

காரைக்குடி வீடு
எல்லோரும் புதுப் பலகையைப் பற்றிப் பேசுகிறீர்கள். என்னிடம் இருப்பது தாத்தாவின் எழுத்து மேஜை, பர்மா தேக்கு, ரங்கூனில் கடை வைத்திருந்தபோது செய்து கப்பலில் கொண்டுவந்தது என்று அப்பா சொல்வார். அதில் உட்கார்ந்து வேலை பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. பின்பக்கம் ஒரு ஓட்டை போடலாமா என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மரத்தூள்
போடாதீர்கள். அந்தக் கனத்தில், அந்த அகலத்தில் ஒரே பலகையாகத் தேக்கு இன்று தேடினாலும் கிடைக்காது. பார்ட்டிகிள் போர்டில் தப்பு நடந்தால் பலகையை மாற்றலாம், இதில் மாற்றப் பலகை இல்லை. மேஜைக்கு அடியில் கிளாம்ப் வைத்துப் பிடிக்கும் வயர் தட்டு கிடைக்கிறது, ஒரு ஸ்க்ரூ கூட வேண்டாம். மேஜையைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டு வயர்களைப் பின்னால் அந்தத் தட்டில் இறக்கிவிடுங்கள்.

பட்டறைக்காரன்
நான் இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். பயன்படுத்தாமல் மூலையில் கிடந்து கரையான் அரித்த தேக்குச் சாமான்களை நிறையப் பார்த்துவிட்டேன். தாத்தா எழுதிய மேஜையில் பேரன் வேலை பார்ப்பது நல்ல விஷயம், அதற்கு ஒரு சின்ன ஓட்டை தேவை என்றால் அது தப்பில்லை. ஆனால் மேல்பலகையில் வேண்டாம், அதில் நானும் உடன்படுகிறேன். பின்பக்கம் தடுப்புப் பலகை இருக்கிறதா? அது பெரும்பாலும் மெல்லியதாக, தனியாகக் கழற்றக்கூடியதாக இருக்கும். மேலே மைக்கூடு வைக்கக் குழி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள், அந்தக் காலத்து எழுத்து மேஜைகளில் வைப்பார்கள்.

காரைக்குடி வீடு
இருக்கிறது! வலது மூலையில் வட்டமாக ஒரு குழி, உள்விட்டம் 45 மி.மீ. இருக்கும், அடி மூடியது. இத்தனை நாளாகப் பேனா மூடி, குண்டூசி எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. அதன் அடியில் போடலாம் என்கிறீர்களா?

பட்டறைக்காரன்
அடியில் எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். 22 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டால் எச்.டி.எம்.ஐ. முனையும் சார்ஜர் முனையும் போகும். மேலே நின்று பார்த்தால் குழிதான் தெரியும், நாளை ஒருவர் வேண்டாம் என்றால் ஒரு தேக்கு வட்டத்தை உள்ளே போட்டு மூடிவிடலாம். தேக்கில் மணல்சத்து உண்டு, பிட்டைச் சீக்கிரம் மழுக்கும், அதனால் புதுப் பிட்டு வாங்கிப் போடுங்கள். கட்டை வைப்பதை மறக்காதீர்கள். பழைய தேக்கு காய்ந்து இறுகியிருக்கும், தாங்கல் இல்லாவிட்டால் அடியில் நீளச் சிம்பாகப் பிளக்கும்.

மரத்தூள்
மைக்கூட்டுக் குழி இருக்கிறது என்றால் நானும் சரி என்கிறேன். முதலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி வீடு
அப்பாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்கிறேன்.

ஆவடிவாசி
ஓட்டை போட்டாகிவிட்டது. 60 மி.மீ. வயர் மேனேஜரையும் ஹோல் சாவையும் பாரிமுனையில் ஒரே கடையில் வாங்கினேன், கழுத்தை அளந்ததில் 59.5 இருந்தது. பட்டறைக்காரன் அண்ணா சொன்னபடி, முதலில் டிவி யூனிட் வந்த பெட்டியில் கிடந்த ஒரு பழைய பலகைத் துண்டில் போட்டுப் பழகினேன். அதில்தான் ஒரு விஷயம் புரிந்தது: ரிவர்ஸில் கோடு போடும்போது நான் அவசரப்பட்டு நிறுத்திவிட்டேன், லேமினேஷன் முழுக்க வெட்டுப்படவில்லை, நேர் சுற்றில் போனதும் ஓர் இடத்தில் சில்லு தெறித்தது. இரண்டாவது முறை துகள் தெரியும் வரை பொறுமையாக விட்டேன், சில்லே இல்லை.

மேஜையைப் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து கவிழ்க்க உதவினார். நடுவில் ஒருமுறை புகை வாடை வந்தது, உடனே எடுத்துத் தூளைத் தட்டினேன். மேல்பக்கம் ஒரு நூல் அளவு கூடப் பிய்யவில்லை. அடிப்பக்கம் ஓர் இடத்தில் அரிசி அளவுக்குப் போயிருக்கிறது, அது யாருக்கும் தெரியாது. மனைவி வந்து விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, டிவி யூனிட்டையும் இப்படியே சரிசெய்ய முடியுமா என்று கேட்டாள். எனக்கு அதுவே போதும் போல இருந்தது.

ஒரு சந்தேகம். ஓட்டைக்குள் பார்ட்டிகிள் போர்டு லேமினேஷன் இல்லாமல் வெறுமனே தெரிகிறது. தேநீர் கொட்டினால் ஊறாதா?

பட்டறைக்காரன்
ஊறும், ஊறினால் விளிம்பு உப்பி மைக்காவைத் தூக்கும். ஃபெவிகால் மரைன் கொஞ்சம் எடுத்து விரலால் உள்சுவர் முழுக்க மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் இன்னொரு முறை தடவுங்கள். சாதா வெள்ளை ஃபெவிகால் தண்ணீருக்குத் தாங்காது. நன்றாகக் காய்ந்த பிறகு வளையத்தை மாட்டுங்கள், ஈரத்தில் மாட்டினால் ஒட்டிக்கொண்டு பிறகு கழற்ற வராது.

டிவி யூனிட்டுக்கு, பிய்ந்த இடத்தின் வெளி விளிம்பு வரை அளந்து சொல்லுங்கள். 80 மி.மீ. வயர் மேனேஜர் கிடைக்கிறது, அதன் மேல்விளிம்பு அதைவிட அகலமாக இருக்கும். சேலத்து அம்மாவுக்குச் சொன்ன பிளைவுட் வழிகாட்டி முறையில் 80-க்குப் பெரிதாக்கினால் பிய்ந்ததில் முக்கால்வாசி அறுபட்டே போய்விடும், மிச்சம் மூடிக்கு அடியில் போகும்.

ஆவடிவாசி
வெளி விளிம்பு வரை 84 மி.மீ., ஒரு பக்கம் மட்டும் 87. சனிக்கிழமை பாரிமுனை போகிறேன்.

பட்டறைக்காரன்
கடையில் மூடியின் மேல்விளிம்பை அளந்து பார்த்து 90 இருந்தால் வாங்குங்கள். 87 வரும் பக்கத்துக்கு மையத்தை 2 மி.மீ. தள்ளிக்கொள்ளுங்கள், சரியாக மூடிவிடும்.